அக்காவின் கழுத்து

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால், மலைத் தண்ணீர் தகரத் தகட்டின் வழியே கொட்டும் பீலிக்கரையில் ஒரு சவுக்கு மரம் நின்றது. அதில் அப்பா ஒரு ஆணி அடித்து வைத்திருந்தார். அந்த ஆணியில் எப்போதும் ஒரு காய்ந்த பீர்க்கங்கூடு தொங்கும். மற்ற வீட்டுக்காரர்களும் பீர்க்கங்கூடு வைத்திருந்தார்கள். அவர்கள் அதைக் கால் தேய்க்கவும் முதுகு தேய்க்கவும் வைத்திருந்தார்கள். எங்கள் பீர்க்கங்கூட்டுக்கு ஒரே ஒரு வேலைதான். அது அக்காவின் கழுத்தைத் தேய்ப்பதற்காக மட்டும் இருந்தது. அம்மா மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் கூடையை இறக்கி வைப்பாள், சேலையை இழுத்துச் செருகுவாள், அக்காவைக் கூப்பிடுவாள். அக்கா பீலிக்குக் கீழே முதுகைக் காட்டிக் குனிந்து நிற்பாள். பாதி தேசிக்காயின் புளிச்சாற்றைப் பிழிந்து சவர்க்காரமும் போட்டு, அம்மா தேய்க்கத் தொடங்குவாள். தோல் சிவந்து, சில நாட்களில் புள்ளி புள்ளியாக இரத்தம் கசியும் வரை தேய்ப்பாள். கருப்பு மட்டும் போகாது.

"அம்மா, இது அழுக்கு இல்லம்மா. தோலே அப்படித்தான்" என்பாள் அக்கா, தண்ணீருக்குள்ளிருந்து.

"தோலு எங்கயாச்சும் அப்படி இருக்குமா? தங்கச்சி கழுத்தப் பாரு. வாய மூடிட்டுக் குனிடி."

நான் அக்காவைவிட மூன்று வயது சின்னவள். வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். என் கழுத்தில் தேய்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை, எலும்பைத் தவிர. அக்காவின் பின்கழுத்திலோ ஒரு காதிலிருந்து மறு காது வரைக்கும் கருப்பாக, தடிப்பாக ஒரு பட்டை இருந்தது. தொட்டால் வெல்வெட் துணியைத் தொட்டது போலிருக்கும். அக்குளிலும் அப்படித்தான். வெயில் என்றார்கள், எண்ணெய்ப் பிசுக்கு என்றார்கள், வேர்வை என்றார்கள். பக்கத்து வீட்டுக் காம்பராக்காரி, பிள்ளை ஒழுங்காகக் குளிப்பதில்லை என்று முகத்துக்கு நேரேயே சொன்னாள். அம்மாவைச் சுட்டது அதுதான். சோறு இல்லாத வீடு என்று சொல்லியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். சுத்தம் இல்லாத வீடு என்றால் தாங்க மாட்டாள். ஏற்கெனவே டவுன்காரர்கள் எங்களைப் பார்க்கிற பார்வை ஒன்று இருந்ததே, அதற்குத் தன் வீட்டிலிருந்து சாட்சி போய்விடக் கூடாது என்று நினைத்திருப்பாள்.

அக்கா பிறந்த கதையை அம்மா அடிக்கடி சொல்வதில்லை. அக்காவுக்கு முன்னால் ஒரு ஆண் பிள்ளை பிறந்து, எடை போதாமல், பால் குடிக்கத் தெம்பில்லாமல் செத்துப்போயிருந்தது. அடுத்ததாகப் பிறந்த அக்காவும் ஒரு கைக்குள் அடங்குகிற அளவுதான். இவளையும் விட்டுவிடக் கூடாது என்று அம்மா கங்கணம் கட்டிக்கொண்டாள். எங்கள் தோட்டத்தில், வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவின் கூரை மரத்தில் ஒரு தராசு தொங்கும். கால்சட்டை மாதிரி ஒரு துணிப்பையில் பிள்ளைகளை மாட்டித் தூக்கி நிறுப்பார்கள். எடை குறைந்த பிள்ளைகளுக்குச் சத்துமா கிடைக்கும். அம்மா அதில் சீனியைக் கொட்டி உருண்டை பிடித்து அக்காவுக்கு ஊட்டினாள். ரொட்டிக்குச் சீனி, வெறுந்தேயிலைச் சாயத் தண்ணிக்குச் சீனி, அழுதால் விரலில் தொட்டுச் சீனி. நாலு வயதில், அந்தப் பிள்ளைக் காம்பராவிலேயே குண்டுப் பிள்ளை எங்கள் அக்காதான். நிறுக்க வந்த நர்ஸ் அவளைத் தூக்கி மற்றத் தாய்மாருக்குக் காட்டி, "பிள்ளை வளர்க்கிறதுன்னா இப்படி வளர்க்கணும்" என்றாளாம். அம்மாவுக்குத் தாலியைத் தவிர வேறு நகை கிடையாது. அக்காவின் கன்னம்தான் நகை. எலும்பும் தோலுமாகப் பிள்ளைகள் திரிந்த ஒரு தோட்டத்தில், குண்டாக இருப்பதும் ஒரு நோய்க்கு வாசலாகலாம் என்று யாருக்குத் தோன்றும்? எனக்கு இன்றைக்கும் அம்மாவைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் அக்கா வரிசையின் கடைசியில் நிற்பாள். ஐந்தாம் வகுப்பில் பையன்கள் எல்லாரும் அவள் தோளுக்குத்தான் வருவார்கள். கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை. காலையில் பிரார்த்தனை முடிந்ததும் டீச்சர் நகமும் கழுத்தும் பார்த்துக்கொண்டு வருவார். அக்காவிடம் வந்ததும் உதட்டைச் சுழித்து, "போய்க் கழுவிட்டு வா" என்பார். முதல் நாள் மாலைதான் தோல் உரியத் தேய்த்திருப்பார்கள். அக்கா குழாயடிக்குப் போய், கழுத்தை நனைத்துக்கொண்டு திரும்பி வருவாள். அந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. நிச்சயம் பாஸாகி பதுளையில் பெரிய பள்ளிக்கூடத்துக்கும் அதன் விடுதிக்கும் போவாள் என்று தலைமை ஆசிரியர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தில்தான் ஆசை. இரவில் ஒரே கம்பளிக்குள் படுத்துக்கொண்டு என் காதில் சொல்வாள்.

"அங்க கதவு வச்ச பாத்ரூம் இருக்காம்டி. நானே குளிச்சுக்குவேன். யாரும் தேய்க்க மாட்டாங்க."

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அது நடந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம், காற்றடிக்கிற ஆடி மாதம். அக்காவுக்குப் பத்து வயது நிறைந்திருக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் தேயிலைக்குள் என்னை நிறுத்தி, "என்னமோ கீறிருச்சு போலடி, பாரேன்" என்றாள். நான் பார்த்தேன். எனக்கும் கீறினது என்றுதான் தோன்றியது. இரண்டு பேரும் இலை பறித்துத் துடைத்தோம். வீட்டில் அம்மா பார்த்ததும் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். மற்ற வீடுகளில் இந்தச் செய்திக்குக் குலவை போடுவார்கள், சர்க்கரை கொடுப்பார்கள். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு, "இப்பவேவா? பால் பல்லு இன்னும் விழலியே" என்றாள். அவளே பதினாறு வயதில்தான் பெரியவளானவள்.

அக்காவுக்குக் கொஞ்ச நேரத்தில் விஷயம் புரிந்துவிட்டது. கெட்டிக்காரி அல்லவா? அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "பரீட்சை முடியட்டும்மா. அதுக்கப்புறம் எல்லார்கிட்டயும் சொல்லிக்கலாம்மா" என்று கெஞ்சினாள். அம்மா ஒரு கணம் யோசித்தாள் என்றே நினைக்கிறேன். ஆனால் லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருப்பது பலகையும் தகரமும்தான். பக்கத்துக் காம்பராவில் குலவைச் சத்தம் கேட்டுவிட்டது. அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது?

எங்கள் வழக்கப்படி, தாய்மாமன் வந்து பச்சை இலைக் குழையால் குடிசை கட்டிக் கொடுக்க வேண்டும். பிள்ளை அதற்குள் இருக்க வேண்டும். மாமன் வீட்டுச் சீரோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வெளியே வரலாம். மாமா மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தார். பஸ் ஓடுகிற ரோட்டுக்கே அங்கிருந்து பாதி நாள் நடக்க வேண்டும். ஆள் மூலம் சொல்லியனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதே தெரியாமல் காத்திருந்தோம். அப்பா, மாமன் ஸ்தானத்தில் வேறு ஒருவரை வைத்து ஒரு குடிசையை எழுப்பினார். ஆனால் தண்ணீர் ஊற்ற மாமா வந்தே ஆக வேண்டும்.

தலைமை ஆசிரியர் லயத்துக்கே வந்தார். எங்கள் வாசலில் அவர் நின்றதை நான் முதலும் கடைசியுமாகப் பார்த்தது அன்றைக்குத்தான். "ஒரே ஒரு காலைப்பொழுதுக்கு மட்டும் விடுங்க. நானே கூட்டிட்டுப் போய், நானே கொண்டாந்து விட்டுடறேன். யாரும் தொட மாட்டாங்க" என்றார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அம்மாதான் பேசினாள். "நாங்க என்னங்க பண்றது? தண்ணி ஊத்தாத பொண்ண வெளிய அனுப்பிட்டா, நாளைக்கு கோயில்ல சேப்பாங்களா? அண்ணன் வந்து கேட்டா நான் என்ன சொல்ல?" அவர் குடிசையைப் பார்த்தார். குழைக்குள் அக்காவின் கண் தெரிந்திருக்கும். குடையை ஊன்றியபடி இறங்கிப் போய்விட்டார்.

குடிசைக்குள் அவளுக்கு ராஜ உபசாரம். காலையில் பச்சை முட்டையும் அது இருந்த கோதில் அளந்த நல்லெண்ணெயும். பிறகு கருப்பட்டி போட்ட உளுந்தங்களி. மத்தியானம் கோழி. இடுப்பெலும்பு கெட்டிப்பட வேண்டும், நாளைக்குப் பிள்ளை பெற வேண்டிய உடம்பு என்று சொல்லிச் சொல்லி லயத்துப் பெண்கள் ஆளுக்கொரு சட்டியோடு வந்தார்கள். அவள் வேண்டாம் என்றால் வாயைப் பிடித்து ஊட்டினார்கள். ஒல்லிப் பெண்களுக்காக ஏற்பட்ட பழக்கம் அது. வருடமெல்லாம் ரொட்டியும் சம்பலும் தின்று காய்ந்த உடம்புக்கு, வாழ்க்கையில் ஒருமுறையாவது வயிறாரப் போடுகிற பழக்கம். அதில் எவ்வளவோ கருணை இருந்தது. அந்தக் கருணை எங்கள் அக்காவுக்கு விஷமாகப் போனது.

பரீட்சை அன்று காலை வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் வரிசையாக ஒற்றையடிப் பாதையில் இறங்கினார்கள். அக்கா குழையை விலக்கி அவர்களைப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு குடிசைக்கு வெளியே உட்காரச் சொன்னாள். "நீதான் பரீட்சை வைக்கிற டீச்சர். கேளு" என்றாள். நான் இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கேள்விகளை வாசித்தேன். அவள் உள்ளேயிருந்து பதில் சொன்னாள். ஒன்றில்கூடப் பிழை இல்லை என்றுதான் நினைக்கிறேன், சரி பார்க்க எனக்கு எங்கே தெரியும்? நடுவில் ஒருமுறை பதில் வரவில்லை. குழை இடுக்கால் ஒரு கை வெளியே வந்தது. உள்ளங்கையில் இரத்தம் தோய்ந்த ஒரு பால் பல். "கூர மேல போட்ருடி" என்றாள். நான் எறிந்தேன். அது தகரத்தில் உருண்டு வந்து திரும்பவும் என் காலடியிலேயே விழுந்தது. இரண்டாவது தரம் எறிந்தபோது தங்கிவிட்டது. மாமா மறுநாள் வந்து சேர்ந்தார், சீர்வரிசைத் தட்டுகளோடு, வாய் நிறையச் சிரிப்போடு.

அதற்குப் பிறகு அக்கா வளரவில்லை. வரிசையின் கடைசியில் நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள், மற்றவர்கள் ஒவ்வொருவராக அவளைத் தாண்டினார்கள். தோட்டப் பள்ளிக்கூடத்திலேயே இன்னும் கொஞ்ச காலம் படித்தாள். பையன்கள் அவளை "அம்மா" என்று கூப்பிடத் தொடங்கினார்கள், அவளும் போவதை விட்டுவிட்டாள். எனக்குப் பதின்மூன்று ஆனபோது நான் அவளைவிட உயரம். "என்னடி, ஏணி வச்சு ஏறுனியா?" என்று கேட்டு என் தலையில் குட்டினாள். அதற்கே அவள் எக்க வேண்டியிருந்தது. நான் அதற்கு மறுவருடம்தான் பெரியவளானேன். அதற்குள் பரீட்சை எழுதி, பதுளை விடுதிக்கும் போயிருந்தேன். கதவு வைத்த குளியலறை அங்கே உண்மையாகவே இருந்தது. லீவில் வந்தபோது அதைப் பற்றி அக்கா கேட்டாள். தாழ்ப்பாள் துருப்பிடித்துவிட்டது, போடவே முடியாது என்று பொய் சொன்னேன், அவளுக்குச் சிரிப்பு வரட்டும் என்று.

அக்கா கொழுந்து எடுக்கப் போனாள். மாதவிலக்கு அவளுக்கு நினைத்தால் வந்தது, பல மாதங்கள் வராமல் இருந்தது. உதட்டுக்குக் கீழே நாடியில் முடி முளைத்தது. அதைப் பிடுங்கிப் பிடுங்கி முகம் புண்ணானது. இப்போது அம்மா தேய்ப்பதில்லை. ஆனால் ஆணியில் பீர்க்கங்கூடு இருந்தது. வேலை முடிந்து வந்து அக்கா தானே கையைப் பின்னால் வளைத்துத் தேய்த்துக்கொண்டாள். யாரும் சொல்லாமலே. அப்புத்தளையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்தார்கள். அக்கா விழுந்து கும்பிட்டபோது மாப்பிள்ளையின் தாய் அவள் பின்கழுத்தைப் பார்த்துவிட்டாள். போகும்போது வாசலில், எல்லாருக்கும் கேட்கும்படி, "நல்ல பொண்ணுதான். கொஞ்சம் சுத்தபத்தமா இருக்கப் பழக்குங்க" என்றாள். அதற்குப் பிறகு யாரையும் வரச் சொல்ல வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

அவளுக்கு இருபது வயதாகும் முன்பே சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்துவிட்டது. காலில் முள் குத்திய ஒரு புண் ஆறாமல் நாறிய பிறகுதான் அது தெரிந்தது. பதுளை ஆஸ்பத்திரிக்கு நானும் அம்மாவும் கூடப் போனோம். யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருவர் இருந்தார், இளம் வயது. காலைப் பார்த்தார், பிறகு எழுந்து அக்காவின் பின்னால் போய், கொண்டையை மெல்ல விலக்கிக் கழுத்தைப் பார்த்தார். அக்கா பழக்கத்தில் உடனே குனிந்தாள். "ஏன் குனியிறீங்க? நேர இருங்கோ" என்றார் டாக்டரம்மா. தழும்புகளை விரலால் தடவி, இது என்ன என்று கேட்டார். அம்மா சொன்னாள்.

"இது ஊத்தை இல்லை அம்மா. தேய்ச்சா போகாது. உடம்புக்குள்ள இருந்து வாறது" என்றார். அக்கா எந்த வயதில் பெரியவளானாள், பிறக்கும்போது எப்படி இருந்தாள் என்றெல்லாம் விசாரித்தார். நாங்கள் போட்ட தீனியைப் பற்றிக் கேட்டார். இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காமல் போகிறது, கேட்காததால் உடம்பு இன்னும் அதிகமாகச் சுரக்கிறது, அந்த மிகுதிதான் கழுத்தில் கருப்பாக வெளியே தெரிகிறது என்று பொறுமையாகச் சொன்னார். சின்னதாகப் பிறந்து சட்டென்று எடை போட்ட பெண் பிள்ளைகள் சிலர் வயதுக்கு முன்பே பெரியவளாகிவிடுவதும் உண்டு என்றார். எல்லாருக்கும் அப்படி வருவதில்லை, இதுதான் காரணம் என்று ஒன்றைப் பிடித்துச் சொல்லவும் முடியாது என்றார். சின்ன வயதிலேயே இந்தக் கழுத்தை யாராவது பார்த்துச் சொல்லியிருந்தால், என்று தொடங்கி அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிட்டார்.

அம்மா கேட்டாள், "அப்ப, பிள்ளைக்குச் சோறு போட்டது குத்தமாங்க?"

டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டு, "இல்லை அம்மா, இல்லை" என்று இரண்டு தரம் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள். வாழ்நாள் வியாதி என்று சொல்லி மருந்து கொடுத்திருக்கிறார்கள், இவள் பரீட்சை பாஸானவள் போலச் சிரிக்கிறாள். "கேட்டீங்களாம்மா? அழுக்கு இல்லையாம். நான் அப்பவே சொன்னேன்ல?" அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். தெமோதரையில் இறங்கி மலை ஏறினோம். மாலையில் பீலிக்கரையில் அக்கா பீர்க்கங்கூட்டைத் தொடாமல் குளித்தாள். அம்மா அதை ஆணியிலிருந்து எடுத்து அவள் முன் நீட்டினாள். "டாக்டரு சொல்லுவாங்க. ஊரு பாக்குறது கழுத்தத்தான்." அக்கா அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாங்கித் தேய்த்துக்கொண்டாள். அம்மா நம்பாமல் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். நம்பினால், அத்தனை வருடத்து மாலைகளையும் அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

மருந்து ஒழுங்காகத்தான் எடுத்தாள், கிளினிக்குக்குப் போக முடிந்த மாதங்களில். போனால் அன்றைய பெயர் விழாது, நாள் சம்பளம் போய்விடும். மலையில் காலுறை ஏது, செருப்பே ஏது? சில வருடங்களில் அதே காலில் இன்னொரு காயம். இந்த முறை அது மேலே ஏறியது. விரலை எடுத்தார்கள், பாதத்தை எடுத்தார்கள், அதோடும் நிற்கவில்லை. நான் ஆசிரியையாக நியமனம் வாங்கிய வருடம் அது. என் முதல் சம்பளத்தில் வாங்கிய சேலையைத்தான் அவளுக்குக் கடைசியாக உடுத்தினோம்.

லயத்து வாசலில் வாங்குப் பலகை போட்டு, பீலித் தண்ணீர் கொண்டுவந்து குளிப்பாட்டினார்கள். பெண்கள் சுற்றிலும் சேலையை மறைவாகப் பிடித்திருந்தார்கள். அக்காவைப் புரட்டியபோது, பக்கத்துக் காம்பராக்காரி பின்கழுத்தைப் பார்த்துவிட்டு, "அந்தப் பீர்க்கங்கூட்ட எடுத்தாங்கடி. கடைசியா போறவள இப்படியா அனுப்புறது?" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். யாரோ ஓடிப்போய் ஆணியிலிருந்து பீர்க்கங்கூட்டைக் கொண்டுவந்தார்கள். அவள் அதை நனைத்துக் கழுத்தில் வைத்தபோது, அதுவரை சுவரோடு சாய்ந்து கிடந்த அம்மா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"அது அழுக்கு இல்ல. விடுங்க."

அந்த ஒரு சொல்லைத்தான் அக்கா பீலிக்குக் கீழே குனிந்து நின்ற காலம் முழுக்க அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா வெறும் கையால் தண்ணீரை அள்ளி அள்ளி அந்தக் கழுத்தில் விட்டாள். என்னால் பார்க்க முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

அம்மா இப்போது பதுளையில் என்னோடு இருக்கிறாள். சில மாதங்களுக்கு முன் தோட்டத்தில் ஒரு கல்யாணத்துக்குத் தனியாகப் போன நான், பழைய லயத்துக்குப் பின்னால் நடந்து பார்த்தேன். பீலிக்குச் சீமெந்து போட்டிருந்தார்கள். சவுக்கு மரம் நின்றது. மரப்பட்டை ஆணியைப் பாதி விழுங்கியிருந்தது. மீதியில் ஒரு பீர்க்கங்கூடு தொங்கியது, புதிது. தண்ணீருக்குக் கீழே ஏழெட்டு வயதில் ஒரு பெண் பிள்ளை குனிந்து நின்றாள், உருண்டையாக, அழகாக. அவள் தாய் ஒரு கையால் தலைமயிரைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் சவர்க்காரம் பூசிக்கொண்டிருந்தாள். பின்கழுத்து எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"அது அழுக்கு இல்லங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அக்காவைப் பற்றிச் சொன்னேன். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னேன், நானே கூட வருகிறேன் என்றேன். அந்தப் பெண் என் சேலையையும் கைப்பையையும் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள்.

"காய்ச்சலா, இருமலாங்க டீச்சர், ஆஸ்பத்திரிக்குப் போக? பிள்ள நல்லா புஷ்டியாத்தானே இருக்கு." பிறகு ஆணியிலிருந்து பீர்க்கங்கூட்டை எடுத்தாள். "குனிடி."

குனிந்தபடியே அந்தப் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தது.